ஓடுபாதைக்கு வரும் வழி – 6: ஐந்து மைல் இடைவெளி

ஒரு விமானம் கடந்துபோன பிறகும், அது கலக்கிவிட்ட காற்று ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சுழலுக்கு நிறமில்லை. விமான நிலைய ரேடாரும் அதைக் காட்டாது. தரையிறங்க வரும் அடுத்த விமானம் அதற்குள் நுழைந்தால், என்ன நடக்கிறது என்று விமானி உணர்வதற்குள் ஒரு பக்கச் சிறகு கவிழத் தொடங்கிவிடும்.

விமானத் துறையில் இதை வேக் டர்புலன்ஸ் என்பார்கள். இத்தொடரில் பின்சுழல் என்று குறிக்கப்படுகிறது.

சென்ற பகுதிகளில் மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தைச் சுற்றியிருந்த குன்றுகளின் கதை சொல்லப்பட்டது. 1977 செப்டம்பர் 27 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியதில் 34 பேர் இறந்தார்கள். 1989 பிப்ரவரி 19 விடியற்காலையில் ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் பூச்சோங் அருகே மரங்களடர்ந்த குன்றில் மோதியது. 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டளை, விமானி அறையில் 400 அடி என்று புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. அதில் இருந்த நால்வரும் மாண்டார்கள்.

அந்தக் குன்றுகள் வரைபடத்தில் இருந்தன. அவற்றின் உயரம் அச்சிடப்பட்டிருந்தது. இந்த வாரத்து ஆபத்து எந்த வரைபடத்திலும் இல்லை. ஒவ்வொரு விமானமும் அதைப் புதிதாக உண்டாக்கிவிட்டுப் போகிறது.

★

விமானம் பறப்பதற்கான காரணமும் பின்சுழலுக்கான காரணமும் ஒன்றுதான். சிறகின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைவு, கீழ்ப்புறத்தில் அதிகம். அந்த வேறுபாடு விமானத்தைத் தூக்கி நிறுத்துகிறது. ஆனால் சிறகின் நுனியில் தடுப்பு ஏதும் கிடையாது. கீழிருக்கும் காற்று அந்த நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. விமானம் முன்னே போகப் போக, இரண்டு நுனிகளிலிருந்தும் இரண்டு சுழற்குழாய்கள் பின்னால் நீள்கின்றன. ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் சுற்றும்.

இரண்டுக்கும் நடுவில் காற்று கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. வெளிப்பக்கங்களில் மேல்நோக்கி எழுகிறது. ஒன்றையொன்று அழுத்தியபடி இந்த இணை நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழிறங்கும். தரையை நெருங்கியதும் மேற்கொண்டு இறங்க வழியின்றி, இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நகர்ந்து விலகும்.

இங்குதான் தரையிறங்கும் விமானத்துக்குச் சிக்கல். மெல்லிய பக்கவாட்டுக் காற்று வீசினால், காற்று வரும் திசையிலுள்ள சுழல் விலக முடியாமல் ஓடுபாதையின் மேலேயே நின்றுவிடும். பலத்த காற்று சுழலைச் சிதைத்துவிடும். அமைதியான காற்று அதைக் காப்பாற்றி வைக்கும். பயணிகள் நல்ல வானிலை என்று நிம்மதி கொள்ளும் விடியற்காலை, பின்சுழலுக்கும் நல்ல வானிலைதான். பூமத்திய ரேகைக்கு அருகில், சுபாங் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழைக்கு முன் இப்படி அசைவற்ற காலைப்பொழுதுகளுக்குப் பஞ்சமில்லை.

சுழலின் வலிமையை மூன்று விஷயங்கள் கூட்டுகின்றன: அதிக எடை, குறைந்த வேகம், குறுகிய சிறகு. கனரக விமானம் ஒன்று மெதுவாகத் தரையிறங்கும்போது முதல் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. விமானங்கள் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டுவதும் அந்த நேரத்தில்தான். கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்கு உயரம் மிச்சமில்லாததும் அப்போதுதான்.

★

இந்த அறிவு காகிதத்தில் வெகுகாலமாகவே இருந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1907இல் வெளியிட்ட நூலில் சிறகுநுனிச் சுழல்களை விளக்கியிருந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டில் முதலாம் உலகப்போர்க் காலத்தில் அதற்கு முழுமையான கணிதம் வகுத்தார்.

ஆனால் கோட்பாடு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டது. முன்னே போன விமானத்தின் பின்னால் விமானம் குலுங்கினால், அதன் புரொப்பெல்லர் கிளப்பிய காற்று என்றே விமானிகள் பல்லாண்டுகள் நம்பினார்கள்.

1955இல் அந்த நம்பிக்கைக்கு எதிரான அளவீடு கிடைத்தது. நாசாவின் முன்னோடி அமைப்பான நாக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் கிறிஸ்டோபர் கிராஃப்ட் என்ற இளம் பொறியாளர், பி-51 போர் விமானம் விட்டுச்சென்ற சுழல்களின் வேகத்தையும் ஆயுளையும் வானிலேயே அளந்து அறிக்கை வெளியிட்டார். சிறகுநுனியில் பிறந்த சுழல்களே அந்தக் குலுக்கலுக்குக் காரணம் என்பது எண்களில் நிறுவப்பட்டது.

பிற்காலத்தில் அமெரிக்க விண்வெளிப் பயணங்களின் முதல் பறப்பு இயக்குநராகப் புகழ்பெற்றவர் இதே கிராஃப்ட்தான். அந்தப் புகழின் வெளிச்சத்தில் அவருடைய பின்சுழல் அறிக்கை மறைந்துபோனது. அது உரிய நேரத்தில் பரவலாகப் படிக்கப்பட்டிருக்க வேண்டிய ஆவணம்.

★

1970 ஜனவரி 22. பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. அதுவரை நெடுந்தூரப் பயணங்களில் பறந்த 707ஐப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட எடை.

அதற்கு முன் தரையிறங்கும் வரிசையில் விமானங்களுக்கிடையே 3 கடல் மைல் இடைவெளி போதும் என்பதே வழக்கம். அந்த 3 மைல், ரேடார் திரையில் இரண்டு புள்ளிகளைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. காற்றின் நிலை அந்தக் கணக்கில் சேரவில்லை.

747இன் பின்னால் பறந்து சோதித்தபோது அந்தக் கணக்கு பொய்த்தது. அமெரிக்காவின் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, 300,000 பவுண்டுக்கு மேற்பட்ட விமானங்களைக் கனரகம் என்று தனியாகப் பிரித்தது. அவற்றின் பின்னால் வரும் சிறிய விமானத்துக்கு இடைவெளி 5 கடல் மைல்.

இரண்டு மைல்தானே என்று தோன்றலாம். இறுதிப் பாதையில் விமானங்கள் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் வந்தால், 3 மைல் இடைவெளியில் ஓர் ஓடுபாதை மணிக்கு 46 விமானங்களை ஏற்கும். 5 மைலில் அது 28ஆகக் குறைந்துவிடும். விமான நிலையங்களும் நிறுவனங்களும் ஒவ்வொரு மைலுக்கும் ஏன் வாதாடின என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

புதிய விதியில் ஒரு கதவு திறந்தே இருந்தது. ரேடார் வழிகாட்டலில் வரும் விமானங்களுக்கே 5 மைல் கட்டாயம். கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானி, முன்னே போவதைப் பார்த்துத் தானே இடைவெளி வைத்துக்கொள்ளலாம்.

பார்க்க முடிவது முன்னே போகும் விமானத்தை. அதன் சுழலை அல்ல.

★

1972 மே 30, காலை 7 மணி தாண்டியிருந்தது. டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் இடையில் இருந்த கிரேட்டர் சவுத்வெஸ்ட் அனைத்துலக விமான நிலையம். வானம் தெளிவு, காற்று மெல்லியது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்று அங்கே பயிற்சியில் இருந்தது. ஓடுபாதையைத் தொடும், மீண்டும் எழும்பும், சுற்றி வரும். டிசி-10 ரகம் சேவைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

அதே நிலையத்தில் டெல்டா ஏர்லைன்ஸின் டிசி-9 ஒன்றும் பயிற்சிக்கு வந்திருந்தது. பயணிகள் யாரும் இல்லை. டெல்டா விமானிகள் மூவர், அவர்களைப் பரிசோதிக்க வந்த எஃப்ஏஏ அதிகாரி ஒருவர், ஆக நால்வர்.

டிசி-10க்குப் பின்னால் அதே ஓடுபாதையில் இறங்க டிசி-9 அனுமதி கேட்டது. கோபுரம் அனுமதி தந்தது. கொந்தளிப்பு இருக்கலாம், கவனம் என்று ஓர் எச்சரிக்கையும் சேர்த்தது.

முன்னே போன டிசி-10இன் சிறகு விரிவு 47 மீட்டர். பின்னே வந்த டிசி-9க்கு 27 மீட்டர். டிசி-10 விட்ட இரண்டு சுழல்களின் மையங்களும் ஏறத்தாழ 37 மீட்டர் இடைவெளியில் இருந்திருக்கும். டிசி-9இன் முழுச் சிறகு விரிவும் அதைவிடக் குறைவு. ஒரு சுழலின் நடுவில் மாட்டிக்கொண்டால், ஒரு சிறகு மேலெழும் காற்றிலும் மறு சிறகு கீழிறங்கும் காற்றிலும் சிக்கும். அந்த அகலத்துக்குள் தப்பிக்க இடமில்லை.

இரண்டு விமானங்களுக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை.

ஓடுபாதையின் தொடக்கத்தை டிசி-9 கடந்தது. பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. விமானிகள் திருத்த முயன்றார்கள். அடுத்த கணம் அது வலப்பக்கமாக வேகமாகப் புரண்டது. வலச்சிறகின் நுனி ஓடுபாதையில் இடித்தது. விமானம் கிட்டத்தட்டத் தலைகீழாகத் தரையில் விழுந்து தீப்பற்றியது. நால்வரும் இறந்தார்கள்.

★

விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வந்த முடிவு: முன்னே சென்ற கனரக ஜெட்டின் பின்சுழலில் சிக்கி விமானம் கட்டுப்பாட்டை இழந்தது.

அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த பகுதி. எச்சரிக்கை தரப்பட்டிருந்தும், சுழல் எங்கே இருக்கும், எவ்வளவு ஆபத்தானது என்று மதிப்பிடத் தேவையான தகவல் விமானிகளிடம் இல்லை என்று வாரியம் எழுதியது. ரேடார் வழிகாட்டலில் பறப்பவற்றுக்குக் கிடைத்த பாதுகாப்பு கண்பார்வைப் பறப்புக்குக் கிடைக்கவில்லை என்றும் சுட்டியது.

இது நியாயமான தீர்ப்பு. கவனம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு விமானி என்ன செய்வார்? எந்த உயரத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியாத எச்சரிக்கை, பொறுப்பை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுகிறது. ஆபத்தைக் குறைப்பதில்லை. அன்று இறந்தவர்களில் ஒருவர், விமானிகளின் திறமையைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட அரசு அதிகாரி. திறமைக் குறைவு என்று இந்த விபத்தை ஒதுக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்சுழல் பாடம் விமானிப் பயிற்சியில் அழுத்தமாக நுழைந்தது. முன்னே போகும் பெரிய விமானத்தின் இறங்குபாதைக்கு மேலேயே இரு. அது தரை தொட்ட இடத்தைத் தாண்டித் தரை தொடு. சுழல் கீழ்நோக்கியே இறங்கும் என்ற உண்மையிலிருந்து பிறந்த விதி இது. சிறிய விமானங்களுக்கு 6 மைல் இடைவெளியும் பின்னர் வந்தது.

★

ஃபோர்ட் வொர்த் விபத்து நடந்த அதே 1972இல், மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்து அக்டோபரில் மலேசிய விமான நிறுவனமான மாஸ் பிறந்தது. 1976இல் மாஸ் தன் முதல் டிசி-10ஐ வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் 747 வந்து சேர்ந்தது.

1965இல் திறக்கப்பட்ட சுபாங்கில் போயிங் 737களும் ஃபாக்கர் உள்நாட்டு விமானங்களும் அதே ஓடுபாதையில்தான் இறங்கின. டெக்சஸில் கற்ற பாடம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தேவைப்பட்டது இப்படித்தான். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, உலகம் முழுமைக்கும் மூன்று வகைகளை வகுத்தது: 136 டன்னும் அதற்கு மேலும் கனரகம், 7 டன்னும் அதற்குக் கீழும் இலகு, இடைப்பட்டவை எல்லாம் நடுத்தரம். கனரகத்தின் பின்னால் கனரகத்துக்கு 4 மைல், நடுத்தரத்துக்கு 5, இலகுவுக்கு 6.

அந்த நடுத்தர வகை மிக அகலமானது. 23 டன் எடையுள்ள ஏடிஆர் 72உம் 79 டன் எடையுள்ள 737-800உம் அதில் ஒன்றாகவே அடங்கும். எடையை மட்டும் வைத்துக் கோடு போட்டால் கோட்டுக்கு அருகில் நிற்பவை தப்பித்துவிடும்.

தப்பித்தது போயிங் 757. ஏறக்குறைய 115 டன். கனரக எல்லைக்குக் கீழே இருந்ததால் அதன் பின்னால் கனரகத்துக்குரிய இடைவெளி கட்டாயமில்லை. 1992 டிசம்பர் 18 அன்று மொன்டானாவின் பில்லிங்ஸில் 757க்குப் பின்னால் இறங்க வந்த செஸ்னா சைட்டேஷன் புரண்டு விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1993 டிசம்பர் 15 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் இன்னொரு 757க்குப் பின்னால் வந்த வெஸ்ட்விண்ட் ஜெட் அதே கதிக்கு ஆளானது. ஐவர் இறந்தார்கள். அந்த ஜெட், 757 வந்த பாதைக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது.

1983 முதல் 1993 வரை அமெரிக்காவில் மட்டும் பின்சுழலால் நேர்ந்திருக்கக்கூடிய விபத்துகளும் சம்பவங்களும் குறைந்தது 51, உயிரிழப்பு 27 என்று பாதுகாப்பு வாரியம் 1994இல் கணக்கெடுத்தது. அதன் பிறகுதான் 757க்குப் பின்னாலான இடைவெளி கூட்டப்பட்டது. 1996இல் அமெரிக்காவில் கனரக எல்லையே 255,000 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. கோடு நகர்ந்தது, அதற்குள் அந்த இரண்டு 757 விபத்துகளில் 13 உயிர்கள் போயிருந்தன.

★

ஏர்பஸ் ஏ380 வந்தபோது வரலாறு வேறு விதமாக நடந்தது. இந்த முறை விபத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை.

560 டன் எடை, ஏறத்தாழ 80 மீட்டர் சிறகு விரிவு. பயணிகளை ஏற்றுவதற்கு முன்பே, 2005இல், அதன் பின்னால் 10 மைல் இடைவெளி வைக்குமாறு ஐசிஏஓ இடைக்கால ஆலோசனை வழங்கியது. லேசர் கதிர்களால் சுழலின் வேகத்தை அளக்கும் லைடார் கருவிகளோடு ஏர்பஸ் நீண்ட சோதனைகள் நடத்தியது. அளவுகள் வர வர இடைவெளி சுருங்கியது. 2008இல் கனரகத்துக்கு 6, நடுத்தரத்துக்கு 7, இலகுவுக்கு 8 மைல் என்று ஆனது. ஏ380க்கு சூப்பர் என்ற தனி வகையே உண்டானது. கட்டுப்பாட்டாளருடன் முதலில் பேசும்போது அதன் விமானி அழைப்புப் பெயருடன் சூப்பர் என்று சொல்ல வேண்டும்.

முதலில் அதிகமாக வைத்து, அளந்து பார்த்த பிறகு குறைப்பது. இந்தத் துறை செய்த மிக நேர்மையான வேலைகளில் இது ஒன்று.

ஆனால் விதி இருப்பதும் இடைவெளி இருப்பதும் ஒன்றல்ல. 2008 நவம்பர் 4 மாலை மெக்சிகோ நகரில் தரையிறங்க வந்த லியர்ஜெட் 45 ஒன்று, முன்னே போன 767இன் சுழலில் சிக்கிப் பரபரப்பான சாலைப் பகுதியில் விழுந்தது. நாட்டின் உள்துறை அமைச்சர் ஹுவான் கமிலோ மொரிஞ்ஞோ அதில் இருந்தார். விமானத்தில் இருந்த அனைவரோடும் தரையில் இருந்த சிலரும் மாண்டார்கள். வேகத்தைக் குறைக்கச் சொன்ன கட்டளையை நிறைவேற்றத் தாமதித்ததால், 5 மைலாக இருக்க வேண்டிய இடைவெளி அதற்குக் கீழே சுருங்கியிருந்தது.

வேகம் வேறுபடும் இரண்டு விமானங்களுக்கிடையே இடைவெளி ஒரு நிலையான அளவு அல்ல. அது ஒவ்வொரு நொடியும் கூடிக் குறையும். அதைக் காப்பது கட்டுப்பாட்டாளரும் விமானியும் சேர்ந்து செய்யும் வேலை.

★

2012 ஜூலை 1 அன்று மாஸின் முதல் ஏ380 கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. 1998இல் சிப்பாங்கின் செம்பனைக் காடுகளுக்கு நடுவே திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு அது புதிய சோதனை. அதே நிலையத்தில்தான் ஏர் ஆசியாவின் ஏ320 படை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சூப்பருக்குப் பின்னால் ஏ320 வந்தால் 7 மைல், அதாவது 140 நாட் வேகத்தில் மூன்று நிமிடம்.

இணை ஓடுபாதைகள் இங்கே கைகொடுக்கின்றன. இரண்டு ஓடுபாதைகள் 760 மீட்டருக்கும் நெருக்கமாக இருந்தால், பின்சுழலைப் பொறுத்தவரை அவற்றை ஒரே ஓடுபாதையாகவே கருத வேண்டும் என்பது விதி. சிப்பாங்கின் முதல் இரண்டு ஓடுபாதைகளும் அதைவிடப் பல மடங்கு விலகியே அமைக்கப்பட்டன. 2014இல் கேஎல்ஐஏ2 முனையத்தோடு மூன்றாவது ஓடுபாதையும் வந்தது. ஒன்றின் மேல் இறங்கும் பெரிய விமானத்தின் சுழல் மற்றொன்றை எட்டுவதில்லை.

கோல லங்காட் மாவட்டத்தின் ஜெஞ்சாரோமிலிருந்து பார்த்தால் சிப்பாங் தென்கிழக்கே இருக்கிறது. வானம் தெளிந்த இரவில், வடமேற்கிலிருந்து ஓடுபாதைக்கு வரிசை கட்டும் விளக்குகள் அந்தப் பக்கத்து வானில் தெரியும். இரண்டு விளக்குகளுக்கு நடுவே சில நேரம் இடைவெளி குறைவாகவும் சில நேரம் அதிகமாகவும் இருக்கும். அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி, முன்னே போவது எந்த ரகம், பின்னே வருவது எந்த ரகம் என்பதைப் பொறுத்தது.

எடையை மட்டும் பார்க்கும் பழைய வகைப்பாடு போதாது என்பதும் ஏற்கப்பட்டது. சிறகு விரிவையும் சேர்த்துக் கணக்கிடும் ஆறு வகை முறை 2012 நவம்பரில் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் நடைமுறைக்கு வந்தது. அது ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் தலைமைத் தளம். பூச்சோங்கில் 747ஐ இழந்த ஃபிளையிங் டைகரைத் தன்னோடு இணைத்துக்கொண்டதும் அதே நிறுவனம்தான். 2020 நவம்பரில் ஐசிஏஓ ஏழு குழுக்கள் கொண்ட புதிய வகைப்பாட்டைத் தன் விதிநூலில் சேர்த்தது. எந்தக் குழுவுக்குப் பின்னால் எந்தக் குழு வருகிறது என்று பார்த்து, தேவையான இடத்தில் மைல் கூட்டப்பட்டது. தேவையற்ற இடத்தில் குறைக்கப்பட்டது.

★

இத்தனை மைல்களும் தரையிறங்கும் பாதைக்கும் புறப்படும் பாதைக்கும் வகுக்கப்பட்டவை. உயரத்தில் சுழல்கள் கலைந்துவிடும், வானம் விசாலமானது என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது.

2017 ஜனவரி 7. அரபிக்கடலுக்கு மேலே, துபாயிலிருந்து சிட்னிக்குப் போன எமிரேட்ஸ் ஏ380 ஒன்று 35,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. மாலத்தீவின் மாலேயிலிருந்து ஒன்பது பேருடன் புறப்பட்ட சேலஞ்சர் 604 ரகச் சிறிய ஜெட், எதிர்த்திசையில் 34,000 அடியில் வந்தது. இரண்டுக்கும் இடையே விதிப்படி வேண்டிய 1,000 அடி இருந்தது. யாரும் எந்த விதியையும் மீறவில்லை.

ஏ380 தலைக்கு மேலே கடந்துபோனது. சிறிது நேரத்தில் சேலஞ்சர் பலமுறை புரண்டு, சுமார் 9,000 அடி கீழே விழுந்தது.

விமானிகள் அதை எப்படி நிமிர்த்தினார்கள்? விதிப்படி இருந்த 1,000 அடி ஏன் போதவில்லை?

(தொடரும்)